கையெழுத்தும் கள்ளக் கையெழுத்தும்



ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்க்கு ஒரு கலை தானாகவே கைவந்துவிடும். நாற்பது மாணவர்களின் விடைத்தாள்களை ஓராண்டு திருத்திய பிறகு, பெயர் எழுதாத தாள் ஒன்று கையில் அகப்பட்டாலும், இஃது இன்னாருடையது என்று சொல்லிவிடலாம். தாளின் தலையில் இடும் பிள்ளையார் சுழி ஒன்றே போதும். ஒருவன் அதனைக் கொக்கிபோல் வளைப்பான். ஒருவன் வாலை நீட்டித் தாளின் ஓரம் வரை இழுப்பான். ஒருவன் கடமைக்கு ஒரு புள்ளியும் கோடுமாக முடித்துவிடுவான். இவர்களுள் எவனும் எண்ணிப்பார்த்து இதனைச் செய்வதில்லை. எண்ணாமல் செய்வதனாலேயே அது அவனுக்கே உரியதாகிறது.

இந்தச் சிறிய உண்மையின்மேல்தான் கள்ளக் கையெழுத்தைக் கண்டறியும் கலை முழுவதும் நிற்கிறது. அக்கலையின் வரலாற்றை இன்று விளையாட்டு வீரர்களின் கையெழுத்துகளைக் கொண்டு உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பத்திரங்களையும் உயில்களையும் பற்றிப் பேசினால் உங்களிற் பலர் உறங்கிவிடக்கூடும். ஆனால், விரும்பும் வீரர் ஒருவரிடம் ஓடிச்சென்று கையெழுத்துக் கேட்காத, அல்லது கேட்க விரும்பாத இளைஞர் உங்களில் எத்தனை பேர் இருப்பீர்கள்?

வீரர்களின் கையெழுத்து பெரும் வாணிகப் பொருளாக வளர்ந்த நாடு அமெரிக்கா. அந்நாட்டு மக்களின் உள்ளங்கவர்ந்த ஆட்டம் பேஸ்பால். நம் கிரிக்கெட்டைப் போலவே பந்தும் மட்டையும் கொண்டு ஆடப்படுவது. அதன் பந்து வெள்ளைத் தோலால் ஆனது. தோலின் இரு துண்டுகளைச் சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல்கள் இட்டு இணைத்திருப்பார்கள். தையல்கள் நெருங்கிவரும் ஓரிடத்தில் விரற்கடை அகலத்திற்கு வெறுந்தோல் இருக்கும். அங்கேதான் வீரர்கள் கையெழுத்திடுவது வழக்கம். அவ்வாறு கையெழுத்திட்டவர்களுள் தலையாயவர் பேப் ரூத். 1895-இல் பிறந்து, 714 முறை பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து 'ஹோம் ரன்' எடுத்து, 1935-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, 1948 ஆகஸ்டு 16-ஆம் நாள் மறைந்தவர். கேட்ட குழந்தைகளுக்கெல்லாம் முகங்கோணாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த வள்ளல் அவர். அன்று காசில்லாமல் கிடைத்த அந்தப் பந்துகள் இன்று பல்லாயிரம் டாலர் விலை பெறுகின்றன. விலை பெறும் பொருளுக்குப் போலி தோன்றுவது உலகியல்பு. ரூத் தம் வாழ்நாளில் இட்ட கையெழுத்துகள் மிகப் பல. ஆயினும் அவர் மறைந்த பின்னும் 'ரூத்தின் கையெழுத்து' புதிது புதிதாகப் பிறந்துகொண்டே இருந்தது என்பதுதான் விந்தை.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் ஒரு வினாவிற்கு விடை காண்போம். ஒரே மனிதர் இடும் இரண்டு கையெழுத்துகள் முற்றிலும் ஒன்றுபோல் இருக்குமா?

'இருக்கும், இருந்தால்தானே உண்மையானது' என்று நம்மில் பலர் எண்ணுவோம். உண்மை இதற்கு நேர்மாறானது. இதனை உலகறியச் செய்தது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த ஒரு சொத்து வழக்கு. நியூ பெட்ஃபோர்டு என்னும் ஊரில் வாழ்ந்த சில்வியா ஆன் ஹௌலண்டு என்னும் செல்வச் சீமாட்டி 1865-இல் காலமானார். அவருடைய உயிலின் பயன் முழுவதும் தமக்கே வரவேண்டும் என்று அவருடைய உடன்பிறந்தார் மகளான ஹெட்டி ராபின்சன் ஓர் இணைப்புத் தாளைக் காட்டினார். அத்தாளில் இருந்த கையெழுத்து, உயிலில் இருந்த மெய்யான கையெழுத்தோடு கோட்டுக்குக் கோடு பொருந்தியது. ஒன்றன்மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டும் ஒன்றாகவே தோன்றின. இவ்வளவு பொருத்தமே ஐயத்திற்கு இடந்தருகிறது என்று எதிர்த்தரப்பினர் வாதாடினார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் பெஞ்சமின் பியர்சும், அவருடைய மைந்தர் சார்லஸ் பியர்சும் இவ்வழக்கில் சாட்சியம் அளித்தனர். அந்த அம்மையாரின் மெய்யான கையெழுத்துகள் 42-ஐத் திரட்டி, ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தார் மைந்தர். அவ்வாறு ஒப்பிட்டால் 861 இணைகள் வரும். உங்களுள் கணிதம் படிப்போர் வீட்டில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு கையெழுத்தில் கீழ்நோக்கி இழுக்கும் கோடுகள் 30. இரண்டு மெய்யான கையெழுத்துகளில் இவற்றுள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே பொருந்தின. ஐயத்திற்குரிய கையெழுத்திலோ முப்பதும் பொருந்தின. இஃது இயல்பாக நிகழும் வாய்ப்புக் கோடி கோடியில் ஒன்றுகூட இல்லை என்று தந்தையார் கணக்கிட்டுக் கூறினார். 1868-இல் நீதிமன்றம் வேறொரு சட்டக் காரணத்தைக் கொண்டே வழக்கை முடித்தது; ஆதலின் அக்கையெழுத்து மெய்யா பொய்யா என்பதற்குத் தீர்ப்புக் கிடைக்கவில்லை. ஒரு கோடு பொருந்துவதற்கும் அடுத்த கோடு பொருந்துவதற்கும் தொடர்பே இல்லை என்று பேராசிரியர் கொண்டது சரியன்று எனப் பிற்காலக் கணித அறிஞர்கள் குறையும் கண்டனர். எனினும் அன்று வெளிப்பட்ட அடிப்படை உண்மை நிலைத்துவிட்டது. உயிருள்ள கை ஒருபோதும் தன்னைத்தானே அச்சுப்போல் படியெடுப்பதில்லை. இரண்டு கையெழுத்துகள் மயிரிழையும் பிசகாமல் பொருந்துமாயின், ஒன்றை வைத்து மற்றொன்றை வரைந்திருக்க வேண்டும். அல்லது இரண்டும் முத்திரைக் கட்டையாலோ கையெழுத்திடும் பொறியாலோ இடப்பட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் சற்றே வேறுபட்டிருந்தால் மெய் என்று கொண்டுவிடலாமா? அதுவும் ஆகாது. எந்த வகையில் வேறுபடுகிறது என்பதைக் காண வேண்டும். இதனை முறையான கல்வியாக வகுத்தவர்களுள் முன்னோடி ஆல்பர்ட் ஆஸ்பார்ன் என்னும் அமெரிக்கர். ஐயத்திற்குரிய ஆவணங்களைப் பற்றி 1910-இல் அவர் வெளியிட்ட பெருநூல் இத்துறையின் அடிப்படை நூலாக விளங்கியது. விமானி லிண்ட்பர்கின் குழந்தையைக் கடத்திய வழக்கில், பணயம் கேட்டு எழுதப்பட்ட கடிதங்களைப் பற்றி 1935-இல் சாட்சியம் அளித்தவர்களுள் அவரும் ஒருவர்.

இக்கல்வி கற்பிக்கும் முதற்பாடத்தை நம் வீட்டு வாசலிலேயே காணலாம். விடியற்காலையில் நம் தாய்மார்கள் கோலமிடுவதைப் பாருங்கள். நாள்தோறும் இடுபவர் புள்ளிகளை வைத்துவிட்டு, மாவை விரல்களுக்கிடையே விட்டுக்கொண்டே ஒரே ஓட்டத்தில் வளைத்துக்கொண்டு போவார். கோடு எங்கும் ஒரே சீராக ஓடும்; வளைவில் சற்று மெலியும்; முடிவில் இலேசாகத் தேயும். அதே கோலத்தைப் புத்தகத்தில் பார்த்து முதன்முறையாக இடும் சிறுமியோ ஒவ்வொரு புள்ளியிலும் நிற்பாள், நின்ற இடத்தில் மாவு குவியும், கோடு நடுங்கும், தவறிய இடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி இழுப்பாள். வடிவம் ஒன்றே, ஆனால் ஓட்டம் வேறு.

கள்ளக் கையெழுத்து இடுபவனும் அச்சிறுமியின் நிலையிலேயே இருக்கிறான். அவனுடைய கண் வடிவத்தின்மேல் இருக்கிறது. வடிவத்தைக் காக்க வேண்டுமானால் மெல்லச் செல்ல வேண்டும். விரைந்து சென்றால் வடிவம் கெட்டு அவனுடைய சொந்தக் கையெழுத்தின் பழக்கங்கள் தலைகாட்டிவிடும். வடிவத்தையும் விரைவையும் ஒருங்கே திருடுவது மிக அரிது.

உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் கோட்டின் தொடக்கத்தையும் முடிவையும் பாருங்கள். விரைந்து எழுதும் கை, பேனா தாளைத் தொடுமுன்பே அசையத் தொடங்கிவிடும். தாளை விட்டு எழும்பும்போதும் அசைந்துகொண்டே இருக்கும். ஆகவே கோடு இரு முனைகளிலும் ஊசிபோல் கூர்ந்திருக்கும். போலியில் பேனா தாளில் வந்து அமர்ந்து, பிறகு புறப்படும். முனைகள் மழுங்கிக் குண்டாக இருக்கும். இரண்டாவது, பேனா தூக்கப்பட்ட இடங்கள். உண்மையானவர் ஒரே இழுப்பில் எழுதும் சொல்லின் நடுவே கள்ளன் பேனாவைத் தூக்கி, மூலத்தைப் பார்த்துவிட்டு, மீண்டும் வைத்திருப்பான். அந்த ஒட்டு கண்ணாடியில் தெரியும். மூன்றாவது, அழுத்தம். மெய்யான எழுத்தில் அழுத்தம் ஏறி இறங்கும். போலியில் கோடு முழுவதும் ஒரே தடிப்பாகக் கிடக்கும். நான்காவது, திருத்தம். தன் பெயரைத் தானே எழுதும் மனிதன் ஒரு வளைவு சரியாக விழவில்லையென்று அதன்மேல் மறுபடி மை தடவமாட்டான். அவனுக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. கவலைப்படுபவன் கள்ளன் மட்டுமே. ஐந்தாவது, எழுத்துகளின் உயர விகிதம், இடைவெளி, சாய்வு, வரி மேலேறுகிறதா கீழிறங்குகிறதா என்பவை. போலி செய்பவன் பெரிய எழுத்துகளின் அலங்காரத்தைப் பிழையறப் பயின்றிருப்பான். நடுவே உள்ள சிற்றெழுத்துகளில்தான் அகப்பட்டுக்கொள்வான்.

எளிய உபாயம் ஒன்றும் உண்டு. இரண்டு கையெழுத்துகளையும் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது நாம் பெயரைப் படித்துவிடுகிறோம். படித்தவுடன் மனம் நம்பிவிடுகிறது. தலைகீழாக வைத்தால் பெயர் மறைந்து கோடுகள் மட்டுமே நிற்கும். அப்பொழுதுதான் கண் உள்ளபடி காணும்.

இனிப் பேப் ரூத்தினிடம் மீள்வோம். அவர் இடக்கையால் பந்தை எறிந்தவர். இடப்புறமாக நின்று மட்டை பிடித்தவர். ஆகவே அவருடைய எழுத்தும் இடக்கை எழுத்தாகத்தான் இருக்கும் என்று எவரும் நினைப்பர். அவர் எழுதியதோ வலக்கையால். 1902-இல், ஏழு வயதில், அடங்காத பிள்ளை என்று பால்டிமோர் நகரத்துப் புனித மேரி தொழிற்பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். அங்கே ஆசிரியர்களாக இருந்த கத்தோலிக்கத் துறவியர் அவரை வலக்கையால் எழுதப் பழக்கினார்கள். இடக்கைப் பிள்ளைகளை இவ்வாறு வற்புறுத்துவது சரியன்று என்பது இன்றைய கல்விக் கொள்கை. நானும் அதனையே நம்புகிறேன். எனினும் அந்தப் பழைய வகுப்பறையின் பயிற்சி அம்மனிதரின் கையில் கடைசிவரை தங்கியிருந்தது. படிப்பில் பெயர் பெறாத அவருடைய கையெழுத்து, அழகாகவும் ஒழுங்காகவும், ஓட்டம் உடையதாகவும் அமைந்தது. 'பேப்' என்பது அவருடைய இயற்பெயர் அன்று; செல்லப் பெயர். ஆதலால் தொடக்கத்தில் அச்சொல்லை மேற்கோள் குறிகளுக்குள் இட்டே எழுதிவந்தார். 1920-களின் இறுதியை ஒட்டி அக்குறிகளை விட்டுவிட்டார். அவருடைய முதுமைக்காலத்துப் பந்து என்று சொல்லி, அதில் இளமைக்காலத்து மேற்கோள் குறிகள் இருந்தால், அங்கே நாம் நின்று யோசிக்க வேண்டும். ஆக, ஒருவருடைய கையெழுத்துக்கும் வாழ்க்கை வரலாறு உண்டு. அதனை அறியாமல் கையெழுத்தை மட்டும் அறிய முடியாது.

கையெழுத்து பொய் சொன்னாலும், எழுதப்பட்ட பொருள் பல வேளைகளில் மெய் சொல்லிவிடும். அந்நாளில் அமெரிக்கப் பேஸ்பாலில் இரண்டு சங்கங்கள் இருந்தன. ஒவ்வொரு சங்கத்தின் அதிகாரமுறைப் பந்திலும் அதன் தலைவருடைய பெயர் அச்சிடப்பட்டிருக்கும். 'அமெரிக்கன் லீக்' என்னும் சங்கத்திற்கு 1931 முதல் 1959 வரை வில் ஹாரிட்ஜ் தலைவர். அவருக்குப் பின் ஜோ குரோனின். ரூத் மறைந்ததோ 1948-இல். குரோனின் பெயர் அச்சிட்ட பந்தில் ரூத்தின் கையெழுத்து இருக்குமானால் அதனை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டிய தேவையே இல்லை! அவ்வாறே, 1974-இல் பந்தின் மேலுறை குதிரைத் தோலிலிருந்து மாட்டுத் தோலாக மாறியது. தோலைக் கொண்டே பந்தின் காலத்தைச் சொல்லலாம்.

பேனாவும் சாட்சி சொல்லும். ஹங்கேரி நாட்டவரான லாஸ்லோ பீரோ பந்துமுனைப் பேனாவுக்கு 1938-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்கக் கடையில் அப்பேனா விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபர் 29-ஆம் நாள். ரூத்தோடு ஒரே அணியில் ஆடிய பெருவீரர் லூ கெரிக் 1941 ஜூன் 2-ஆம் நாள் மறைந்தார். பந்துமுனைப் பேனாவால் எழுதிய கெரிக்கின் கையெழுத்தை யாரேனும் விற்க முன்வந்தால் நாம் புன்னகை செய்து விலகிவிடலாம். ஆனால் அதே பேனாவால் ரூத் எழுதியிருக்கக்கூடும். கடைசி மூன்றாண்டுகள் அப்பேனா அவர் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. ஆண்டுகளைச் சரியாக அறிந்திருப்பதன் பயனைப் பார்த்தீர்களா? வரலாற்று வகுப்பில் ஆண்டுகளை மனனம் செய்யச் சொல்லும்போது முகஞ்சுளிக்கும் நண்பர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

தாளும் வாய் திறக்கும். பழைய தாளொன்றில் மடிப்பு விழுந்த பிறகு அதன்மேல் மையால் எழுதினால், மடிப்பில் முறிந்த நார்களில் மை பரவி நிற்கும். மடிப்பு விழுமுன் எழுதியதாயின் அவ்வாறு பரவாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தாளை வெண்மையாகக் காட்டுவதற்கு ஒருவகை இரசாயனப் பொருளைச் சேர்க்கலானார்கள். புற ஊதா விளக்கின்கீழ் அத்தாள் நீலமாக ஒளிரும். 1920-ஆம் ஆண்டுத் தாள் என்று சொல்லப்படுவது அவ்விளக்கின்கீழ் பளிச்சென்று ஒளிர்ந்தால், அதன் வயது வெளிப்பட்டுவிடும்.

இவ்வளவும் கேட்ட பின், 'இந்த விதிகளைக் கற்றுக்கொண்டால் எவரையும் பிடித்துவிடலாம்' என்ற துணிவு உங்களுக்குத் தோன்றக்கூடும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. அத்துணிவு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லாமல் இப்பேச்சை முடிப்பது நேர்மையாகாது.

அப்பொழுது நான் தலைமையாசிரியன் அல்லன். ஒன்பதாம் வகுப்பிற்கு வகுப்பாசிரியன். மதிப்பெண் அட்டையில் தந்தையின் கையெழுத்தைத் தாங்களே இட்டுவரும் பிள்ளைகளை எளிதில் பிடித்துவிடுவேன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அதில் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. தந்தையார் அவசரமாகக் கிறுக்கியிருப்பார். மைந்தன் அதனைப் பொறுமையாக, தந்தையைவிட அழகாக எழுதியிருப்பான்! அவ்வளவே. ஒருமுறை காலாண்டுத் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கிய மாணவன் ஒருவன் அட்டையைக் கொண்டுவந்தான். கையெழுத்து முழுவதும் நடுக்கம். கோடு எங்கும் தயக்கம். நடுவே இரண்டு இடத்தில் பேனா நின்றிருந்தது. முந்திய ஆண்டின் கையெழுத்தோடு ஒப்பிட்டேன், பொருந்தவில்லை. நான் கற்றிருந்த விதிகள் அனைத்தும் அவனுக்கு எதிராக நின்றன. வகுப்பின் முன் அவனை நிறுத்திக் கடிந்து பேசினேன். அவன் 'இல்லை, ஐயா' என்று ஒருமுறை சொன்னான், நான் அதட்டினேன், பிறகு பேசவில்லை.

மறுநாட் காலையில் அவனுடைய தந்தையார் வந்தார். தறி நெய்பவர். வலப்பக்கம் தளர்ந்திருந்தது; மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கோடை விடுமுறையில் வாதநோய் கண்டதாம். "ஐயா, பையன்மேல் குற்றமில்லை. என் கைதான் என் பேச்சைக் கேட்பதில்லை" என்றார். என் மேசைமேலிருந்த தாளொன்றை எடுத்து, என் கண்முன்னே, மிகுந்த வருத்தத்தோடு கையெழுத்திட்டுக் காட்டினார். கோடு நடுங்கியது; நின்றது; மறுபடி நகர்ந்தது. ஆனால் கடைசி எழுத்தின் வால் மட்டும், தறியில் நாடாவை எறிந்து பழகிய அந்தக் கையின் பழைய வீச்சோடு, சட்டென்று மேல்நோக்கிப் பறந்தது. அட்டையிலும் அந்த வால் அவ்வாறே பறந்திருந்தது. நான் நடுக்கத்தை மட்டும் பார்த்தேன், வாலைப் பார்க்கவில்லை. அன்றே வகுப்பின்முன் அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையசைத்தான். எனினும், முந்திய நாள் அவன் குனிந்து நின்ற ஒரு மணி நேரத்தை எந்த மன்னிப்பாலும் திருப்பித் தர இயலவில்லை.

நோயினால் வரும் நடுக்கம் வேறு. அச்சத்தினால் வரும் நடுக்கம் வேறு. நோயாளியின் கை நடுங்கினாலும் தன் பெயரை அலட்சியமாகவே எழுதும். வடிவம் சிதைந்தாலும் கவலைப்படாது. கள்ளனின் கையோ வடிவத்தை விடாமல் பற்றிக்கொண்டு நடுங்கும். இன்னும் ஒன்று: ஒருவருடைய கையெழுத்தை அதே காலத்தில் அவர் இட்ட மற்றக் கையெழுத்துகளோடுதான் ஒப்பிட வேண்டும். குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியைப் பாருங்கள். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றபோது அவர் பெயர் கேஷியஸ் கிளே. 1964-இல்தான் முகம்மது அலி ஆனார். 1984-இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் கண்டனர். அந்நோய் எழுத்தைச் சிறுத்துப் போகச் செய்வது. இளமையில் விரிந்து பறந்த அவருடைய கையெழுத்து, 2016-இல் அவர் மறைவதற்கு முந்திய ஆண்டுகளில் குறுகி ஒடுங்கியது. இளமைக்கால மாதிரி ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முதுமைக்காலக் கையெழுத்தைப் பார்ப்பவர், நான் செய்த பிழையையே செய்வார்.

அதனினும் அரிய சான்று 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சன். மட்டை பிடிப்பதில் ஒப்பற்றவர்; 1919-ஆம் ஆண்டுப் போட்டியில் நடந்த சூதாட்டப் பழியால் ஆட்டத்தினின்று நிலையாக விலக்கப்பட்டவர்; 1951-இல் மறைந்தவர். அவர் எழுதப் படிக்கக் கல்லாதவர். அவர் பெயரால் வழங்கும் கையெழுத்துகளில் மிகப் பல அவருடைய மனைவி இட்டவை. தாமே இட நேர்ந்தபோது, மனைவி எழுதிக் கொடுத்த மாதிரியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார். ஆகவே அவருடைய மெய்யான கையெழுத்து, தயக்கத்தோடும் நடுக்கத்தோடும், நாம் 'போலி' என்று ஒதுக்கும் இலக்கணங்களையே கொண்டிருக்கும். ஓட்டமாகவும் அழகாகவும் இருந்தால்தான் அங்கே ஐயம் பிறக்க வேண்டும்! விதி கற்றவனுக்கு மனிதரையும் கற்கவேண்டிய கடமை உண்டு என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமா?

இனி, இப்போலி வாணிகம் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதையும், அஃது எவ்வாறு வெளிப்பட்டது என்பதையும் சொல்லி முடிக்கிறேன். 1990-களில் அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையினர் முதலில் சிகாகோ நகரிலும், பின்னர்க் கலிபோர்னியாவில் சான் டியாகோ நகரிலும் இதனை ஆராயலாயினர். சான் டியாகோ அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டோனி குவின், தம் அணியின் விற்பனைக் கடையிலேயே தாம் இடாத தம் கையெழுத்துகளைக் கண்டு எச்சரித்தார். தன் கையெழுத்தல்ல என்று சொல்ல அவர் ஒருவர் உயிரோடு இருந்தார். மறைந்த வீரர்களுக்காக யார் சொல்வது? புலனாய்வுத் துறையினர் வணிகராக வேடமிட்ட ஒருவரைக் கொண்டு உளவறிந்து, 1999 அக்டோபரில் பல மாநிலங்களில் ஒரே வேளையில் சோதனை நடத்தினர். கூட்டத்தின் தலையாய எழுத்தாளன் கிரெக் மரினோ என்பவன். ரூத் முதலிய பழைய வீரர்களின் கையெழுத்துகளை அவன் பழைய பந்துகளின்மேல் சரளமாக இட்டான். அரக்கு மெருகு பூசி அப்பந்துகளுக்கு முதுமை ஏற்றினார்கள். அகப்பட்ட பொருள்களில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன! கல்கத்தாவின் ஏழைகளுக்குத் தொண்டு செய்த அம்மூதாட்டியார் பேஸ்பால் பந்துகளில் கையெழுத்திட்டுக்கொண்டா இருந்தார் என்று வாங்கியவர் ஒரு கணம் நினைத்திருந்தால் போதும். இக்கூட்டத்தாரால் மக்கள் இழந்த தொகை 10 கோடி டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டனர்.

இத்தனை பேர் ஏமாந்தது எப்படி? போலிப் பந்தோடு 'இது மெய்யானது' என்று உறுதி கூறும் சான்றிதழ் ஒன்றும் கொடுக்கப்பட்டது. வாங்கியவர் பந்தைப் பார்க்கவில்லை, சான்றிதழைப் பார்த்தார். கையெழுத்தைப் பொய்யாக இடத் துணிந்தவனுக்குச் சான்றிதழைப் பொய்யாக அச்சிடுவது அரிய செயலா? இந்தப் படிப்பினையின் பயனாக, 2001 முதல் அமெரிக்கப் பேஸ்பால் நிருவாகத்தார் வேறொரு முறையைக் கொண்டுவந்தனர். வீரர் கையெழுத்திடும்போதே, அதனைக் கண்ணால் காணும் சாட்சி ஒருவர் அருகில் இருப்பார். அவர் எண்ணிட்ட ஒளிவில்லை ஒன்றைப் பொருளின்மேல் ஒட்டுவார். ஏட்டுச் சான்றினும் கண்கண்ட சாட்சியே சிறந்தது என்ற பழைய முறைக்கே அவர்கள் திரும்பினர் எனலாம்.

நேயர்களே, நம்மிற் பெரும்பாலோர் ரூத்தின் பந்தை விலைக்கு வாங்கப் போவதில்லை. ஆனால் கல்விச் சான்றிதழ், நிலப் பத்திரம், காசோலை, பரிந்துரைக் கடிதம் என்று கையெழுத்திட்ட தாள்கள் வாழ்நாள் முழுவதும் நம் கைக்கு வந்துகொண்டே இருக்கும். அப்பொழுதெல்லாம் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். விரும்புகிற ஒன்று கையில் வந்து விழும்போது, அதனைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பெயரை நம்பாமல் கோட்டைப் பாருங்கள். இஃது உங்களைக் கள்ளரிடமிருந்து காக்கும். ஒருவரைக் கள்ளர் என்று சொல்ல நாவெழும்போது, அவருடைய கை இப்பொழுது எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். இது மற்றவர்களை உங்களிடமிருந்து காக்கும்.

அந்த நெசவாளர் கையெழுத்திட்டுக் காட்டிய தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. விலை பெறாத கையெழுத்துதான். அதனை நான் எவருக்கும் கொடுப்பதாக இல்லை.